கையில் இருப்பது கொஞ்சம், கல்யாணம் அழகாக நடக்க வேண்டும்: எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது?

தூறல்

இன்னும் ஐந்து மாதத்தில் எனக்குக் கல்யாணம். இருவரும் வேலைக்குப் போகிறோம், ஆனால் இரண்டு பேர் சேமிப்பையும் ஒன்றாகக் கூட்டினாலும் பெரிய தொகை இல்லை. கடன் வாங்கிக் கல்யாணம் செய்வதில்லை என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டோம். வீட்டுப் பெரியவர்களிடமும் செலவுக்குக் கைநீட்டக் கூடாது என்பது அவர் பிடிவாதம், எனக்கும் அது சரி என்றே படுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கணக்கு எழுத உட்கார்ந்தோம். இடம், சாப்பாடு, உடை, அலங்காரம் என்று எழுதிக்கொண்டே போய் முதல் பக்கம் முடிவதற்குள் கையில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு வந்துவிட்டது. போட்டோ, பத்திரிகை எல்லாம் அதில் இன்னும் சேர்க்கவே இல்லை. அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆட்கள் கணக்கு இப்போதைக்கு இப்படி: எங்கள் வீட்டுப் பக்கம் 150, அவர் வீட்டுப் பக்கம் 120, நண்பர்களும் அலுவலகத்தவரும் 50. மொத்தம் 320.

எனக்கு ஆடம்பரம் வேண்டாம், ஆனால் அழகு வேண்டும். சின்ன வயதில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடந்த கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். மணப்பெண் என்ன உடுத்தியிருந்தார், என்ன சாப்பிட்டோம், எதுவும் நினைவில் இல்லை. சாயங்காலம் மரத்தில் கட்டியிருந்த சின்னச் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தது மட்டும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த மாதிரி ஒன்று போதும்.

எங்கே குறைத்தால் யாருக்கும் தெரியாது, எங்கே குறைத்தால் பார்த்தவுடன் உறுத்தும்? பூ அலங்காரத்தை நாங்களே செய்யலாமா? நல்ல கேமரா வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போட்டோ எடுத்துத் தருகிறேன் என்கிறார், அவரை நம்பி விடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


மாடிப்படி

வாழ்த்துகள். கடன் வேண்டாம் என்று எடுத்த முடிவை யார் வந்து என்ன சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் கல்யாணம் இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது, நாங்களும் உங்களைப்போல் சாப்பாட்டுச் செலவில் ஒரு ஐட்டத்தை எடு, அலங்காரத்தில் ஒரு வரிசையைக் குறை என்று இரண்டு மாதம் அடித்துத் திருத்திக்கொண்டே இருந்தோம், ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. கடைசியில்தான் புரிந்தது, தொட வேண்டிய இடம் அந்த 320 என்ற எண். உங்கள் நோட்டில் உள்ள செலவுகளை இரண்டு நிறப் பேனாவால் பிரித்துப் பாருங்கள். பத்துப் பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் மாறாத செலவு ஒரு நிறம்: உங்கள் உடை, போட்டோ, ஒலிபெருக்கி, பதிவுக் கட்டணம். ஆள் கூடக் கூட ஏறும் செலவு இன்னொரு நிறம். இரண்டாவது நிறம்தான் பக்கத்தை நிரப்பியிருக்கும்.

அது சாப்பாடு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஐந்தடி வட்ட மேசையில் எட்டுப் பேர் நெருக்கடி இல்லாமல் உட்காரலாம். 80 பேர் குறைந்தால் 10 மேசை, 80 நாற்காலி, 10 மேசை விரிப்பு, 10 பூக்கிண்ணம் குறையும். அதற்கு மேல் முக்கியமாக, அதைவிடச் சின்ன இடமே போதும் என்றாகிவிடும். சின்ன இடத்தை அலங்கரிக்கப் பாதிப் பூ போதும். பெரிய மண்டபத்தில் கொஞ்சமாக அலங்காரம் செய்தால் வெறிச்சென்று தெரியும். அதே அலங்காரம் சின்ன இடத்தில் நிறைந்து நிற்கும்.

சரி, எப்படிக் குறைப்பது? நாங்கள் செய்தது இது. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், நான்கு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தோம். 'அன்றைக்கு இவர் வரவில்லை என்றால் நம்மில் யாருக்காவது மனசு கஷ்டப்படுமா?' என்ற ஒரே கேள்வி. யாராவது ஒருவர் ஆமாம் என்றால் அந்தப் பெயர் இருக்கும், விளக்கம் கேட்கக் கூடாது. நான்கு பேருமே பேசாமல் இருந்தால் அந்தப் பெயர் இரண்டாவது தாளுக்குப் போகும். அப்பா முதல் அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே ஒரு பெயரைப் படித்துவிட்டு, 'இவரை நான் பார்த்து எட்டு வருஷம் ஆச்சு' என்று சொல்லிப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டாவது தாளில் இருந்தவர்களை ஒரு மாதம் கழித்துச் சில ஞாயிறுகளில் குழுக் குழுவாக வீட்டுக்கு அழைத்தோம். கல்யாண மேடையில் ஒரு நிமிடம் கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கக்கூடியவர்கள் வீட்டில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து பேசினார்கள்.

இன்னொன்று. மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிதான் உங்களிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். கடைசி வாரத்தில் ஏதாவது ஒன்று வரும். எங்களுக்கு வந்தது மழை, வாசலில் ஒரு பந்தல் கூடுதலாகப் போட வேண்டியதாகிவிட்டது.


பூக்கூடை

நான் பதினொரு வருடமாக மேடை அலங்கார வேலையில் இருக்கிறேன். என் தொழிலுக்கே எதிராகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், பணம் கொடுத்தும் கண்ணில் படாமல் போகிற அலங்காரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கே ஆற்றாமையாக இருக்கிறது.

வருகிறவர்கள் கண் மூன்றே இடத்தில்தான் நிற்கும். உள்ளே நுழையும் வாசல், நீங்கள் இருவரும் நிற்கிற இடத்துக்குப் பின்னால், அவர்கள் உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் மேசை. கூரை, தூண்கள், நடைபாதை, கைகழுவும் இடம் என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எங்குமே அழகு வராது. அந்த மூன்று இடத்தில் கூட ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் மட்டும் தாராளமாகச் செய்யுங்கள், மற்ற இரண்டும் எளிமையாக இருக்கட்டும். ஒரு இடம் நிறைவாக இருந்தால் மொத்தமே நிறைவாக இருந்ததாகத்தான் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பூக்கடையில் போய் இந்தப் பூதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். 'அந்த வாரத்தில் எந்தப் பூ நிறைய வரும்?' என்று கேளுங்கள். பருவத்தில் வரும் பூ விலை குறைவு, வாடாமலும் நிற்கும். நிறம் ஒன்றோ இரண்டோ போதும், முக்கால் பங்கு பச்சை இலை, கால் பங்கு பூ. கேட்கும்போது குறைவாகத் தோன்றும், கட்டி முடித்தபின் பாருங்கள். சடங்கு நடந்த இடத்திலிருக்கும் பூச்சாடிகளை அப்படியே தூக்கிச் சாப்பாட்டு இடத்துக்கும் மாற்றலாம். அந்த வேலைக்கு இரண்டு பேரை முன்கூட்டியே பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நீங்களே பூ வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேசைக்கு வைக்கும் சின்னக் கிண்ணங்கள் என்றால் தாராளமாக வைக்கலாம். முதல் நாள் மதியமே பூவை வாங்கி, தண்டின் நுனியைச் சாய்வாக ஒரு அங்குலம் வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, நன்றாகக் கழுவிய வாளியில் நிறுத்தி வெயில் படாத குளிர்ந்த அறையில் ராத்திரி முழுக்க வையுங்கள். பூ தண்ணீர் குடித்து நிமிர்ந்துவிடும். வாளி அழுக்காக இருந்தால் கிருமி சேர்ந்து தண்டின் குழாய் அடைத்துக்கொள்ளும், காலையில் தலை தொங்கிவிடும். அந்த அறையில் பழுத்த பழம் எதுவும் இருக்கக் கூடாது. பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பட்டால் பல பூக்கள் சீக்கிரம் வாடி உதிரும். கல்யாண வீட்டில் பழக்கூடையையும் பூக்கூடையையும் ஒரே அறையில் பூட்டி வைத்துவிட்டு மறுநாள் பூக்கடைக்காரரைத் திட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேடைக்குப் பின்னால் வரும் பெரிய வேலையை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். அதற்கு ஏணி, கம்பி, நான்கு பேர், நான்கு மணிநேரம் வேண்டும், அந்த நான்கு மணிநேரம் உங்களிடம் இருக்காது.

விளக்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் குறைந்த பணத்தில் ஒரு இடத்தையே மாற்றிவிடுவது வெளிச்சம்தான். பெட்டி மேல் 2700 கெல்வின் என்று போட்டிருக்கும் எல்இடி வாங்குங்கள், அது பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம். 6500 என்று போட்டிருப்பது நீலம் கலந்த வெள்ளை, முகத்தைச் சோர்வாகக் காட்டும். இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள். மண்டபத்துக் குழல்விளக்குகளை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கு மட்டும் எரியவிட்டுப் பாருங்கள், அதே இடமா என்று கேட்பீர்கள். மின்சாரமும் பிரச்சினை ஆகாது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை எட்டு ஒன்பது வாட் எல்இடி தந்துவிடும். நூறு குண்டு பல்பு போட்டால் 6000 வாட், வீட்டுத் தோட்டத்தில் அதை ஒரே இணைப்பில் மாட்டினால் பியூஸ் போய்விடும், எல்இடி என்றால் 900 வாட்டுக்குள் முடிந்துவிடும். மெழுகுவத்தி ஏற்ற ஆசை இருந்தால் அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள், அனுமதித்தாலும் கண்ணாடிக் குவளைக்குள் மட்டும்தான் ஏற்ற வேண்டும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது காலையில் போய்விட்டு வராதீர்கள். கல்யாணம் எந்த நேரமோ அந்த நேரத்தில் போய் உள்ளே அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.


நிதானம்

மாடிப்படி சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. ஆட்களைக் குறை என்பது எல்லாருக்கும் பொருந்தாது. சிலருக்குச் சொந்தபந்தம் கூடியிருப்பதுதான் கல்யாணமே.

2014-இல் எமரி பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு பேர் அமெரிக்காவில் மணமானவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தகவல் திரட்டி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கல்யாணத்துக்கும் மோதிரத்துக்கும் அதிகமாகச் செலவு செய்தவர்களின் மணவாழ்க்கை சராசரியில் குறைந்த காலமே நீடித்திருந்தது. அதே ஆய்வில், கல்யாணத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தவர்களின் வாழ்க்கை நீண்டு இருந்தது. இதனால் அது நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, இரண்டும் சேர்ந்து காணப்பட்டது, அவ்வளவுதான். ஆனாலும் செலவு ஒன்று, கூட்டம் வேறொன்று என்பதை இது எனக்கு நன்றாகப் புரிய வைத்தது. கூட்டம் இருந்தும் செலவு குறைவாக இருக்க வழி உண்டு.

வழி நேரத்தில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்திலோ ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலோ அழைத்தால் வயிறு நிறையப் போட்டுத்தான் ஆக வேண்டும். மாலை நான்கு மணிக்கு அழைத்து ஏழு மணிக்கு முடித்தால் சிற்றுண்டியும் குடிக்க ஏதாவதும் போதும், யாருக்கும் குறையாகத் தெரியாது. ஆனால் அழைப்பிலேயே 'மாலைச் சிற்றுண்டியுடன்' என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் பசியோடு வந்து முகம் வாடித் திரும்புவார்கள், அது பாவம். எல்லாரும் போட்டி போட்டுக் கேட்கும் நாளைத் தவிர்த்து வார நடுவில் ஒரு நாளைக் கேட்டுப் பாருங்கள். அதே இடம், அதே நாற்காலி, கட்டணம் மட்டும் குறையும்.

அப்புறம் உடை. ஒரே ஒரு நாள் போட்டுவிட்டுப் பெட்டியில் பூட்டுகிற உடைதான் கல்யாண உடை என்று எந்தக் காலத்திலும் சட்டம் இருந்ததில்லை. மேலை நாடுகளில் வெள்ளை உடை பரவியதே 1840-இல் விக்டோரியா மகாராணி வெள்ளையில் மணம் முடித்த பிறகுதான். அதற்கு முன் பெரும்பாலான பெண்கள் தங்களிடம் இருந்ததில் நல்ல உடையை, எந்த நிறமானாலும், கல்யாணத்துக்கு உடுத்தினார்கள், அதன் பிறகும் நல்ல நாட்களில் அதையே உடுத்தினார்கள். வைர மோதிரம் இல்லாமல் நிச்சயம் இல்லை என்ற எண்ணம் வேரூன்றியதில் டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அவர்களுடைய பெயர்பெற்ற விளம்பர வாசகம் 1947-இல் எழுதப்பட்டது. கட்டாயம் என்று நாம் நினைப்பதில் பலவும் யாரோ ஒருவர் விற்பதற்காகச் சொன்னது. உங்களுக்கு எது கட்டாயம் என்பதை நீங்கள் இருவரும் சொல்லுங்கள்.


நிழற்படம்

நண்பர் கேமரா விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், இது என் வேலை.

வேண்டாம். அவர் நன்றாகவே எடுப்பவராக இருக்கலாம், ஆனால் அன்று அவர் விருந்தாளியாக இருக்க முடியாது, சாப்பிடவும் முடியாது, நடுவில் ஒரு உறவினர் வந்து பேச்சுக் கொடுத்தால் முக்கியமான ஒரு நிமிடம் போய்விடும், போனால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அதை வைத்து நட்பில் விரிசல் விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். பணம் குறைவு என்றால் ஆளின் தரத்தைக் குறைக்காமல் மணிநேரத்தைக் குறையுங்கள். நாள் முழுக்க வேண்டாம், நான்கு மணிநேரம் மட்டும் போதும் என்று நல்ல ஆளிடம் கேளுங்கள், பலரும் ஒத்துக்கொள்வார்கள். அச்சு ஆல்பத்தை இப்போது வாங்காதீர்கள். கோப்புகளை வாங்கி இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு முதல் ஆண்டு நிறைவில் நிதானமாக ஆல்பம் போட்டுக்கொள்ளலாம்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: அன்று நேரில் வரப்போவது யார் (பேசும்போது ஒருவர், வரும்போது அவருடைய உதவியாளர் என்று நடக்கிறது), திருத்திய படங்கள் எத்தனை, எந்தத் தேதிக்குள், நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு, எடுக்கும்போதே இரண்டு மெமரி கார்டில் பதிவாகிற கேமராவா.

குடும்பப் படங்களுக்கு ஒரு பட்டியல் எழுதி, எல்லாரையும் முகம் தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள். ஒரு குழுவைச் சேர்த்து நிறுத்தி எடுக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். பத்துக் குழு என்றால் நாற்பது நிமிடம். முப்பது குழு எழுதி வைத்துவிட்டு நேரம் போதவில்லை என்று வருந்துகிறார்கள். நீங்கள் இருவர் மட்டும் நிற்கும் படங்களை உச்சிவெயிலில் எடுக்க வேண்டாம், கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணிநேரம் வெளிச்சம் தாழ்ந்து தங்க நிறத்தில் வரும், அதில் இருபது நிமிடம் மட்டும் கிடைத்தால்கூடப் போதும், அலங்காரமே இல்லாத ஒரு சுவர் முன்னால் நிறுத்தி எடுத்தாலும் அழகாக வரும்.


அடுப்பங்கரை

பூக்கூடை, பூவை நீங்களே வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார், அது சரிதான், ஆனால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்ற ஆசை மட்டும் வந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை கல்யாணத்தில் நாங்கள் அப்படித்தான் இறங்கினோம். பத்திரிகை கையால் எழுதியது, 150 பேருக்குச் சின்னப் பரிசுப் பை, பூ, சமையல், எல்லாம் வீட்டாட்களே. பத்திரிகையும் பைகளும் பத்து நாள் முன்னதாகவே முடிந்துவிட்டன, அழகாகவும் வந்தன. சமையலில்தான் தப்பு நடந்தது. மறுநாள் வேலை குறையட்டும் என்று முதல் நாள் சாயங்காலமே ஒரு பெரிய பாத்திரம் நிறையக் குழம்பு வைத்து, கொதிக்கக் கொதிக்க இறக்கி, மூடி போட்டு, அடுக்களை மூலையில் வைத்துவிட்டுப் படுத்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு நான் மூடியைத் திறந்தேன். பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஆறியிருந்தது, உள்ளே கரண்டியை விட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, மேலே சின்னச் சின்னக் குமிழ் வந்துகொண்டிருந்தது. வாசனையில் லேசான புளிப்பு. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை, இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினோம். யாரும் சாப்பிடும் முன் கண்டுபிடித்தோம் என்பதுதான் இன்று வரை எனக்கு ஆறுதல்.

பெரிய பாத்திரம் சீக்கிரம் ஆறாது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாடு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் கிருமி பெருகும். சூடாகப் பரிமாறுவது 60-க்கு மேலேயே இருக்க வேண்டும், குளிர்ச்சியாகப் பரிமாறுவது 5-க்குக் கீழே. வெளியே இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிநேரம்தான். இதை வீட்டு அடுப்பையும் வீட்டுக் குளிர்பெட்டியையும் வைத்து நூறு பேருக்குச் செய்ய முடியாது. சாப்பாட்டை அந்தத் தொழில் செய்கிறவர்களிடம் விட்டுவிடுங்கள். பணம் குறைய வேண்டும் என்றால் வகைகளைக் குறையுங்கள். பன்னிரண்டு வகை வைத்தாலும் ஒருவர் வயிறு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு வகையும் போதாமல் போய்விடக் கூடாது என்று கூடுதலாகவே செய்வார்கள், அந்தக் கூடுதல்தான் கடைசியில் மீந்து கிடக்கும். ஆறு வகை, ஆறும் சூடாக, ருசியாக. விலை கூடியதை ஒரு ஆள் நின்று கையால் பரிமாறட்டும், மற்றதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் வைத்திருக்கும் கோடு இதுதான்: ஒரு வாரம் முன்னால் செய்து முடித்து மூடி வைக்க முடிகிற வேலை என்றால் நாமே செய்யலாம். அன்றைக்கு முந்தின ராத்திரி செய்தே ஆக வேண்டிய வேலை என்றால் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். உங்கள் மேசைப் பூ மட்டும் இதற்கு விலக்கு, அதையும் நீங்கள் செய்யாதீர்கள், தோழிகள் நான்கு பேர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.


மாடிப்படி

அடுப்பங்கரை சொன்னதைப் படித்ததும் ஒன்று நினைவு வந்தது. இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டணத்தில் எது சேராது என்று கேளுங்கள். 'என்னென்ன சேரும்' என்று கேட்டால் எல்லாம் சேரும் என்பார்கள். நாங்கள் பார்த்த ஒரு இடத்தில் வாடகை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்தோம், தாளை வாங்கிப் படித்தால் மின்சாரம் தனி, துப்புரவு தனி, வெளியிலிருந்து சமையல்காரர் வந்தால் அதற்குத் தனிக் கட்டணம், குறித்த நேரத்தைத் தாண்டினால் அரைமணிக்கு இவ்வளவு. எல்லாம் கூட்டினால் பக்கத்துத் தெருவில் வாடகை அதிகம் என்று வேண்டாம் என்று வந்த இடத்தைவிட அதிகம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

நிதானம் சொன்ன மாலை நேர யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அந்த இரண்டாவது தாளில் இருந்த பலரையும் அன்றைக்கே அழைத்திருப்பேன்.


தூறல்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

மாடிப்படி அக்கா, நீங்கள் சொன்னபடியே நான்கு பேரும் உட்கார்ந்து பெயர்களை வாய்விட்டுப் படித்தோம். என் அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, தன் பழைய அலுவலகத்து ஆட்கள் இருபத்திரண்டு பேரையும் தானே அடித்தார். ஒரே ஒருவர் பெயரை மட்டும் திரும்ப எழுதினார், அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தவர் அவர் ஒருவர்தானாம், இந்தக் கதை எனக்கு இத்தனை வருடத்தில் தெரியாது. மாப்பிள்ளை வீட்டிலும் இதே மாதிரி உட்கார்ந்தார்கள். இப்போது மொத்தம் 210.

மாலை நான்கு முதல் ஏழு வரை, வார நடுவில். சிற்றுண்டி ஐந்து வகை. பத்திரிகையை அவர் தங்கை வரைகிறாள், பெரும்பாலானவர்களுக்குக் கைப்பேசியில் அனுப்பப்போகிறோம், பெரியவர்களுக்கு மட்டும் அச்சடித்து நேரில் போய்க் கொடுக்கிறோம். நோட்டைத் திறந்து திரும்பக் கூட்டினோம், பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்த பிறகும் கணக்கு கைக்குள் நிற்கிறது. அவர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பினார்.

நேற்றுச் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஒரு சின்ன மண்டபம் பார்த்தோம். பூக்கூடை சொன்னபடி அரைமணி நேரம் உட்கார்ந்தோம், பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டுக் குழல்விளக்கை எல்லாம் அணைக்கச் சொன்னோம். மேற்குப் பக்கம் முழுக்க உயரமான சன்னல்கள். வெயில் சாய்ந்து தரையில் நீளமாக விழுந்தது, எனக்கு அந்தத் தோட்டத்துக் கல்யாணம் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. அந்தச் சன்னல்களுக்கு முன்னாலேயே மேடை போட்டு, ஓரத்தில் இலையும் விளக்குச்சரமும் மட்டும் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். சரியாக வருமா?


நிழற்படம்

இடம் அருமை, ஆனால் மேடையைச் சன்னலுக்கு முன்னால் போடாதீர்கள். எதிரில் உட்கார்ந்திருக்கிற 210 பேர் கண்ணிலும் வெயில் நேராக அடிக்கும், உங்கள் இருவர் முகமும் அவர்களுக்கும் கேமராவுக்கும் கறுத்துத் தெரியும். வடக்குச் சுவரிலோ தெற்குச் சுவரிலோ மேடை போட்டால் அதே வெளிச்சம் பக்கவாட்டில் உங்கள் முகத்தில் விழும்.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது நேற்றைய வெயில். ஐந்து மாதத்தில் சூரியன் மறையும் நேரமும் மாறும், சன்னல் வழியாக வெளிச்சம் விழும் கோணமும் மாறும். சில ஊர்களில் சில நிமிட வித்தியாசம்தான், சில ஊர்களில் மணிக்கணக்கில் வரும். கல்யாணத் தேதியைப் போட்டு உங்கள் ஊருக்கு அன்று சூரியன் எப்போது மறைகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு மணிநேரம் முன்னால் சடங்கு முடிகிறமாதிரி நேரத்தைக் குறித்துக்கொண்டு, அப்புறம் பத்திரிகை எழுதக் கொடுங்கள்.


பூக்கூடை

விளக்குச்சரத்தை மேடையில் வைக்காமல் அந்தச் சன்னல்களின் விளிம்பில் கட்டுங்கள். வெயில் இறங்க இறங்க அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், எல்லாரும் கிளம்பும் நேரத்தில் முழுதாக எரியும். சன்னலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து இங்கே போடுங்கள் தங்கச்சி, எத்தனை மீட்டர் சரம் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.